பன்னிரண்டு மஞ்சள் பனியன்

எங்கள் ஊர் கபடி டீமுக்கு மஞ்சள் நிறத்தைச் சொன்னவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்த வம்புக்கெல்லாம் நானே காரணம் என்று நினைத்து நினைத்து எத்தனையோ நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தேன். தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் எங்கள் ஊர். ஏரிக்கரைக்குக் கீழே ஆடுகளம். பொம்பளைப் பிள்ளைகள் அங்கே போய் நிற்கக்கூடாது. நான் எங்கள் கொல்லையில் வைக்கோல் போர்மேல் ஏறி உட்கார்ந்து பார்ப்பேன். சாயங்காலம் புழுதி கிளம்பியதும் யார் எந்தப் பக்கம் என்றே தெரியாது. அதனால் என் தம்பி, "டீமுக்குப் பனியன் எடுக்கறோம், இன்னா கலரு எடுக்கலாம்?" என்று கேட்டபோது யோசிக்காமல் மஞ்சள் என்றேன். புழுதியிலும் தெரியும், பொழுது சாய்ந்தாலும் தெரியும். அவ்வளவுதான் காரணம். கள்ளக்குறிச்சியில் பன்னிரண்டு பனியன் எடுத்து வந்தார்கள். ஆடுபவர் ஏழு பேர், மாற்று ஆள் ஐந்து பேர். எல்லாம் ஒரே சைஸ். வெள்ளைத் துணியில் எண்களை வெட்டி முதுகில் நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

மறுவருஷம் என்னைக் கல்வராயன் மலைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். புளி, கடுக்காய், தேன் இவற்றை மலைக்காரர்களிடம் வாங்கும் சொசைட்டியில் என் வீட்டுக்காரர் எடை போடுகிற வேலையில் இருந்தார். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மேற்கே நீலமாகத் தெரிகிற மலைதான் அது. கிளம்பும்போது அம்மாகூட, "அதோ தெரியுது, அங்கதான போற" என்றாள். ஆனால் தூரம் என்பது கண்ணுக்குத் தெரிவதில் இல்லை, பஸ்ஸில் இருக்கிறது. ஒரே பஸ். காலையில் இறங்கும், சாயங்காலம் ஏறும். மழை பிடித்தால் அதுவும் கச்சிராயபாளையத்தோடு நின்றுவிடும். மூன்று வருஷத்தில் நான் தாய்வீடு போனது நான்கு தடவை.

அம்மாவை நினைத்து அழுதேன் என்று சொன்னால்தான் கேட்பவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அழுதேன்தான். ஆனால் வாரம் தவறாமல் நினைத்துத் தவித்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் மேட்ச், ஜெயித்தார்களா, தம்பி முட்டி பெயர்ந்து கிடக்கிறானா?

இதற்கு ஒரு வழி அமைந்தது. பஸ் கண்டக்டருக்குத் தியாகதுருகம் பக்கம். அவருக்கும் கபடிப் பைத்தியம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தம்பியைப் பார்த்துப் புள்ளி எண்ணிக்கையை ஒரு டிக்கெட்டின் பின்னால் எழுதி வாங்கி வந்து என் கையில் கொடுப்பார். அதற்குள் நான் செத்துப் பிழைக்கிறேன் என்று தெரிந்ததும் டிரைவரிடம் சொல்லி இன்னொரு ஏற்பாடு செய்தார். ஜெயித்திருந்தால் கடைசி வளைவில் ஹார்னை விடாமல் அழுத்துவது, தோற்றிருந்தால் சும்மா வருவது. அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். எண்ணிக்கையைச் சொசைட்டி வீட்டுக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைப்பேன். மேட்ச் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டேன். கத்தரிக்காய் சமைக்க மாட்டேன், ஏனென்றால் ஒருமுறை சமைத்த அன்று தோற்றார்கள்.

"கட்டிப் புடிச்சி மண்ணுல உருளுறானுங்க. அதுக்கு நீ இன்னாத்துக்குச் சோறு துன்னாம கீற?" என்பார் அவர்.

பக்கத்து வீட்டு மலைக்கார அக்கா இன்னும் மோசம். கடுக்காய் பொறுக்கிக் கொண்டுவந்து சொசைட்டியில் போடுகிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். "உங்க ஊரு டீமு ஜெயிச்சா உனுக்கு இன்னா, ரெண்டு படி தெனையா குடுக்கறாங்க?" என்று கேட்பாள்.

"எங்க டீமு இடது மூல மாதிரி இந்தச் சுத்துவட்டாரத்துலயே கெடையாதுக்கா" என்பேன்.

"ஆமா, நான் போய் அளந்து பாத்தேன்" என்பாள்.

இடது மூலை என்று நான் பெருமை பேசியது வெறும் பேச்சில்லை. எதிராளி பாடிக்கொண்டு உள்ளே வரும்போது மூலையில் நிற்கிறவனும் அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவனும் கையைக் கோத்துக்கொண்டு நிற்பார்கள். பாடி வருகிறவன் காலை நீட்டும் அந்த ஒரு நொடியில் இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி பாய வேண்டும். ஒருவன் முந்தினாலும் ஒருவன் பிந்தினாலும் கை விட்டுப்போகும். எங்கள் இடது மூலையில் நின்றவன் என் தம்பி. அவன் கையைப் பிடித்து நின்றவன் காலனிப் பையன். பாடிப் போவதிலும் அவன்தான் எங்கள் டீமுக்கு முதல் ஆள். எட்டு வயதிலிருந்து சேர்ந்து ஆடியவர்கள். ஆடுகளத்தில் அந்தக் கைகள் பூட்டு மாதிரி இருக்கும். ஆட்டம் முடிந்தால் அவன் கிழக்கே காலனிக்குப் போவான், இவன் மேற்கே ஊருக்கு வருவான். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி அவன் உள்ளே வந்ததில்லை. இவன் அவன் தெருவுக்குப் போனதில்லை. அதை யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

அப்போதுதான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது.

கேட்டது நியாயமா என்று என்னைக் கேட்டால் ஏழாவது படித்தவளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் தம்பி பன்னிரண்டாவது பாஸ் பண்ணிவிட்டு இரண்டு வருஷமாக மாடு மேய்த்தான். எங்கள் தெருவில் அரசாங்க வேலையில் ஒருவரும் இல்லை. எங்களுக்கும் தனியாக இடம் வேண்டும் என்று கேட்டார்கள். அதில் எனக்குக் குறை தெரியவில்லை. ஒரு வாரம் சாலை மறியல் என்றார்கள். ரோட்டோரத்துப் புளிய மரங்களை அறுத்துக் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றுபோனது.

பஸ் நின்றால் மலையில் எனக்கு உலகமே நின்ற மாதிரி. அந்த வாரம் கச்சிராயபாளையத்தில் பைனல் நடக்க வேண்டியது. எங்கள் டீம் முதன்முதலாகப் பைனலுக்கு வந்திருந்தது. சின்னசேலம் பக்கத்து ஊர் எதிரணி. சொசைட்டி ரேடியோவில் எங்கோ துப்பாக்கிச்சூடு என்றார்கள், இத்தனை பேர் செத்தார்கள் என்றார்கள், எந்த ஊர் என்பது கரகரப்பில் போய்விட்டது. ஒவ்வொரு செய்திக்கும் நான் தம்பியை ஒரு தடவை சாகடித்துப் பிழைக்க வைத்தேன். மலைக்கார அக்கா என்னைப் பார்த்துப் பயந்துபோய்த் தன் வீட்டிலேயே சாப்பிட வைத்தாள். அந்த வாரம் அவள் கிண்டலே பண்ணவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ பஸ் வந்தது. ஹார்ன் இல்லை. முன்கண்ணாடி இல்லை, அட்டை கட்டியிருந்தது. கண்டக்டர் இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"பயப்படாதம்மா. உந்தம்பி நல்லாத்தான் கீறான். மேட்ச்சே நடக்கல, தள்ளி வச்சிட்டாங்க. இந்தா, லெட்டரு."

தம்பி எழுத்து. எல்லோரும் நலம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே இருந்ததுதான் விஷயம். மறியலுக்குக் காலனிக்காரர்கள் வரவில்லை என்று ஊரில் கோபம். வேறு ஊர்களில் குடிசைகள் எரிந்ததாகக் கேள்விப்பட்டுக் காலனியில் பயம். எங்கள் ஊரில் ஒன்றும் எரியவில்லை, ஆனால் யாரும் யாரோடும் பேசவில்லை. தம்பியும் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறான், மரம் அறுத்திருக்கிறான். போராட்டக்காரர்கள் பிடித்த கொடி மஞ்சள். மஞ்சளைப் பார்த்தாலே காலனியில் கதவைச் சாத்துகிறார்கள். டீமில் இருந்த காலனிப் பையன்கள் மூன்று பேரும் தங்கள் பனியனைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து ஆடுகளத்துக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். 'இந்தக் கலரைப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவழியே எப்படி வருவோம் என்று என் கையைப் பிடித்து நிற்கிறவன் கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை அக்கா. அவர்கள் இல்லாமல் வேறு மூன்று பேரைப் போட்டு ஆடு என்கிறார்கள் ஊரில். அப்படி ஆடினால் அது நம்ம டீம் இல்லை. பைனல் மூன்று வாரம் கழித்து.'

கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, மஞ்சளைச் சொன்னவள் நீதானே என்பது. இரண்டாவதாகத் தோன்றியது, என் புடவை.

மழையில் நனைந்த கடுக்காய்ச் சாக்கைச் சொசைட்டியின் இரும்புத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு ஒருநாள் இவர் மறந்துபோனார். மறுநாள் நான் தட்டைத் துடைத்தேன். தட்டில் மை மாதிரி கறுப்பு. அது என் புடவையில் பட்டு இன்றுவரை போகவில்லை. சோப்பு, சீயக்காய், எலுமிச்சை எதற்கும் அசையவில்லை. கடுக்காயும் துருவும் சேர்ந்தால் கறுப்பு. அது எனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை, புடவை கெட்டுப்போய்த் தெரிந்துகொண்டது.

பன்னிரண்டு பனியனையும் மேலே அனுப்பு, நிறத்தை மாற்றித் தருகிறேன் என்று எழுதிக் கண்டக்டரிடம் கொடுத்தேன். கொடுத்த பிறகு பயம் வந்துவிட்டது. துணி இற்றுப்போனால்? திட்டுத் திட்டாக ஆகிவிட்டால்? நிறம் மாறினாலும் அவர்கள் வராவிட்டால்?

நான்காம் நாள் ஓர் உரச் சாக்கில் பனியன்கள் வந்தன. ஒன்பது பனியன் சுருட்டித் திணித்து, மூன்று பனியன் மட்டும் மடிப்புக் கலையாமல். அந்த மூன்றையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொசைட்டிக் கடுக்காயத் தொட்ட, எனுக்கு வேல போயிடும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். மலைக்கார அக்காதான் தன் வீட்டிலிருந்து அரை மூட்டைக் கடுக்காய் கொண்டுவந்தாள். கொட்டையை எடுத்துவிட்டு உரலில் இடித்தோம். ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் பீப்பாயைச் சுரண்டிக் கழுவி அதில் தண்ணீர் காய்ச்சினோம். தேய்ந்த கொழு, லாடம், துரு ஏறிய ஆணி என்று கிடைத்த இரும்பையெல்லாம் போட்டோம். பனியன்களை உள்ளே தள்ளி மூங்கிலால் கிளறினாள் அக்கா.

"உங்க ஊருல கபடியா ஆடறாங்க, எருமயா மேய்க்கறாங்க? இந்தக் கலருல ஏரியில எறங்கினா எவனும் கண்டுபுடிக்க மாட்டான்" என்றாள்.

"பேசாம கிளறுக்கா. திட்டுத் திட்டா நின்னுடப் போவுது."

மஞ்சள் முதலில் பாசியானது, பிறகு மண்ணானது, பிறகு நல்ல கறுப்பு. நான் நினைத்ததைவிட நல்ல கறுப்பு. தூக்கிப் பிழிந்து கொடியில் போட்டபோதுதான் பார்த்தேன். முதுகில் எண்ணைக் காணோம்.

வெள்ளைத் துணி எண்களைப் பிரித்துவிட்டுச் சாயம் போட வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதுவும் சேர்ந்து கறுப்பாகிவிட்டது. போனால் போகிறது, வேறு எண் தைக்கலாம். அதற்கில்லை நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தது. எந்தப் பனியன் யாருடையது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. ஒன்பதும் மூன்றும் கலந்துவிட்டன. ஊர்ப் பையன் ஒருவன் போடப்போவது காலனிப் பையன் வேர்த்து ஆடிய பனியனாக இருக்கலாம். வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்கள் பக்கத்தில் தெரிந்தால் அம்மாக்களே மகன்களை ஆட விடமாட்டார்கள்.

"இதுக்கா இப்படிக் குந்திட்ட?" என்றாள் அக்கா. "தொவச்சாச்சு, வேவ வச்சாச்சு. இன்னும் இன்னா ஒட்டிக்கினு இருக்குதாம் அதுல?"

நான் எழுந்துபோய்க் கொடியில் இருந்தவற்றை மறுபடி பிழிய ஆரம்பித்தேன்.

மலையில் மூட்டம் போட்டிருந்தது. துணி காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்ததில் புகை நாற்றம் ஏறியது. இன்னும் இரண்டு தண்ணீரில் அலசியிருக்க வேண்டும், மறுபடி நனைந்தால் காயாதே என்ற பயத்தில் விட்டுவிட்டேன். வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்துப் புதிய எண்களை வெட்டினேன். எட்டும் பதினொன்றும் கொஞ்சம் கோணல். பைனல் அன்று காலை பஸ்ஸில் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு நானே கிளம்பினேன். "நீ எதுக்குப் போற, கண்டக்டர்கிட்டக் குடுத்து வுடு" என்றார் அவர். "எண்ணு கோணலா இருக்குது, நான்தான் சொல்லணும்" என்றேன். அது ஒரு காரணமா என்று அவரும் கேட்கவில்லை.

கச்சிராயபாளையத்தில் ஆடுகளத்துக்குப் பக்கத்தில் ஒரு வேப்ப மரம். அதன் ஒரு பக்கம் தம்பியோடு ஒன்பது பேர். இன்னொரு பக்கம் பத்தடி தள்ளிக் காலனிப் பையன்கள் மூன்று பேர், பஸ்ஸில் தனியாக வந்தவர்கள். ஆட வந்தார்களா, பார்க்க வந்தார்களா என்று தெரியாதபடி சட்டையைக் கழற்றாமல் நின்றார்கள். நான் நடுவில் போய்ச் சாக்கை அவிழ்த்தேன்.

எல்லோரும் பார்த்தார்கள். கறுப்பு. ஒரு சொட்டு மஞ்சள் இல்லை.

"யக்கா, இன்னா இது, கரி மூட்ட வாசன வருது?" என்றான் ஒருவன். இன்னொருவன் குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பினான். "என்னுது எது? என்னுது நாலாம் நம்பரு, தோளுல ஒரு தையல் விட்டிருக்கும்."

"எல்லாத்துலயும் தையல் போட்டுட்டேன்" என்றேன்.

"அப்ப எது யாருது?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். தெரியும், எடுத்துத் தருகிறேன் என்று ஒன்பதைப் பிரித்துக் கொடுத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"தெரியாது. எண்ணப் பிரிக்காம சாயத்துல போட்டுட்டேன். எல்லாம் கலந்துடுச்சி" என்றேன்.

கேட்டவன் கையிலிருந்த பனியனைக் கீழே போட்டான். தம்பி என்னைப் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் காலனிப் பையன், அவன் கையைப் பிடித்து நிற்கிறவன், நடந்து வந்தான். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சாக்கில் மேலாக இருந்ததை எடுத்து மாட்டினான். எட்டாம் எண்.

"எண்ணு கோணலா கீதேக்கா" என்றான்.

"வேட்டித் துணி, இழுத்துக்கிச்சி" என்றேன்.

"பரவால்ல. நானும் கோணலாத்தான் பாடிப் போவேன்."

தம்பி சிரித்துவிட்டு அடுத்ததை எடுத்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராக எடுத்தார்கள். கீழே போட்டவன்தான் கடைசி. சாக்கில் வேறு இல்லை. அதையே எடுத்து முகர்ந்து பார்த்து, "பொகதான் அடிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாட்டினான்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே என் இரண்டாவது தப்பு வெளியே வந்தது. வேர்க்க வேர்க்கச் சாயம் இறங்கியது. கழுத்து, கை, இடுப்பு எல்லாம் கறுப்பு. முகத்தைத் துடைத்த கையால் முகமும் கறுப்பு. கூட்டம் சிரித்தது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மலையை விட்டே இறங்கியிருக்கக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் கபடியில் பாதிச் சண்டை, தொட்டானா தொடவில்லையா என்பதுதானே. எங்கள் எட்டாம் எண் பாடிப் போய்த் திரும்பினான். தொட்டேன் என்றான். எதிரணியில் ஒருவன், தொடவே இல்லை, காற்றுகூடப் படவில்லை என்று கோயில் பக்கம் கை காட்டிச் சத்தியம் செய்தான். நடுவர் அவனைத் திரும்பச் சொன்னார். முதுகில் நான்கு விரலும் கட்டை விரலும் அப்படியே அச்சு.

நடுவருக்கே சிரிப்பு. "காத்துக்கு விரல் மொளச்சிருக்கு, போ வெளிய" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் பையன்கள் பாடிப் போகுமுன் கையைப் பனியனில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு போனார்கள். எதிரணிக்காரர்கள் முறையிட்டார்கள். "பனியன்ல மை தடவிக்கினு வந்துக்கிறானுங்க சார்!" நடுவர் யோசித்துவிட்டு, வேர்வைக்குத் தடை இல்லை என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர், "எந்தப் புத்திசாலிடா இந்தச் சாயம் போட்டது?" என்று பொதுவாகக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

கடைசியில் எங்களுக்கு ஒரு புள்ளி அதிகம். அவர்களுக்கு ஒரே ஒரு முறை பாடிவர நேரம் இருந்தது. அவர்களில் உயரமானவன், அன்று முழுக்கப் பிடிபடாதவன், வந்தான். நேராக இடது மூலைக்கு வந்தான். அங்கே என் தம்பி, பக்கத்தில் எட்டாம் எண். இந்த மூன்று வாரமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். ஆட்டம் முழுக்க அவர்கள் கை கோக்கவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். தனித்தனியாகத்தான் பாய்ந்தார்கள், அதனால்தான் அந்த உயரமானவன் ஒவ்வொரு தடவையும் நழுவினான். இப்போதும் தம்பியின் கை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பையன் பார்க்கவில்லை, கண் முழுக்க எதிராளியின் காலில். பார்க்காமலே கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினான்.

தம்பி பிடித்தான்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது புழுதிதான். புழுதி அடங்கியபோது உயரமானவன் கீழே, அவன் மேல் இரண்டு கறுப்புப் பனியன். அவன் பாட்டு நின்றுவிட்டது, விசில் ஊதிவிட்டார்கள், இந்த இரண்டு பேரும் கையை விடவில்லை. நான் அழுதேனா, கத்தினேனா, எனக்கே தெரியாது. பக்கத்துக் கிழவர் தோளை நான் உலுக்கிக்கொண்டிருந்தேன் என்று பிறகு தம்பி சொன்னான்.

கோப்பையோடு டிராக்டர் டிரெய்லரில் ஊருக்குக் கிளம்பினோம். சாக்கை வைத்துக்கொண்டு நான் ஒரு மூலையில். எல்லோரும் ஒரே கறுப்பு, பல்தான் வெள்ளை. ஆனால் ஊர் நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது. காலனிக்குப் பிரிகிற இடத்தில் டிரைவர் வழக்கம்போல வண்டியை நிறுத்தினார். எப்போதும் அங்கே காலனிப் பையன்கள் குதித்துவிடுவார்கள், ஜெயித்த கொண்டாட்டம் ஊருக்குள் போய்ப் பட்டாசு வெடித்து மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றி முடியும். அதுதான் முறை.

"எறங்கிக்கிறோம்" என்றான் எட்டாம் எண். ஆனால் இறங்கவில்லை.

தம்பி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதன் காதைத் தடவினான். பிறகு கேட்டான்: "உங்க வூட்டுல டீ கெடைக்குமாடா?"

"டீத்தூள் கீது. பால் இல்ல."

"வர டீ போட மாட்டாங்களா உங்கம்மா?"

"போடுவாங்க. நீ குடிப்பியா?"

தம்பி கோப்பையோடு கீழே குதித்தான். பிறகு ஒருவன், இன்னும் ஒருவன், இன்னும் நான்கு பேர் இறங்கினார்கள். இரண்டு பேர் இறங்கவில்லை. கால் வலிக்கிறது என்றார்கள். மரத்தடியில் பனியனைக் கீழே போட்டவன் இறங்கியவர்களில் இருந்தான். அதையும் சொல்ல வேண்டும்.

நான் சாக்கை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள், மாமியார் வீட்டுக்கு எட்டினால் என்ன ஆகும், யாராவது கல்லை எடுத்தால் தம்பி கதி என்ன? பிறந்து பதினெட்டு வருஷம் அந்தத் தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறேன், ஒருமுறை கால் வைத்ததில்லை.

"நீ எறங்கலியாக்கா?" என்றான் எட்டாம் எண். "சாக்க குடு, நான் புடிக்கிறேன்."

கொடுத்தேன். இறங்கினேன்.

அவன் வீட்டில் அவன் அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். எங்கள் கழனியில் களையெடுக்க வருகிறவள்தான், என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். வாசலில் கறுப்புப் பூசிய பையன்களையும் கோப்பையையும் பார்த்து வாயெல்லாம் சிரித்தவள், அவர்களுக்குப் பின்னால் என்னைப் பார்த்ததும் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீ ஏம்மா இங்க வந்த? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?"

"டீமோட வந்தேங்க" என்றேன்.

வெளியே பையன்கள் உயரமானவன் விழுந்ததை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் தம்பியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அவள் ஒரு பாயை உதறிப் போட்டாள். டம்ளரைப் புடவையால் ஒரு தடவை துடைத்தாள், திருப்தியில்லாமல் இன்னொரு தடவை துடைத்தாள், டீயை ஊற்றிக் கொடுத்தாள். நான் பாயில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன்.

"பயமா இல்ல உனுக்கு?"

"ரொம்பப் பயமா இருக்குதுங்க."

"எனுக்கும்தாம்மா" என்று அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆறிடப் போவுது, குடி."